பழைய சட்டையைக் கழற்றியவர்கள்

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 19: லித்துவேனியா, 1992

சியோல் ஒலிம்பிக்கோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். 1988 செப்டம்பர் 28 அன்று அரையிறுதியில் அமெரிக்காவை 82–76 என்று வீழ்த்திய சோவியத் அணி, இரண்டு நாள் கழித்து யூகோஸ்லாவியாவை 76–63 என்று வென்று தங்கம் வாங்கியது. வென்றவர்களின் சட்டையில் சோவியத் நாட்டைக் குறிக்கும் நான்கு ரஷ்ய எழுத்துகள். ஆனால் அந்த அணிக்குத் தூணாக நின்ற நால்வர் ரஷ்யர்கள் அல்லர். அர்விதாஸ் சபோனிஸ், ஷருனாஸ் மார்ச்சுலியோனிஸ், ரிமாஸ் குர்தினைதிஸ், வால்தெமராஸ் ஹொமிச்சுஸ் ஆகிய நால்வரும் லித்துவேனியர்கள். அதிலும் கௌனாஸ் என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள்.

நான்கே ஆண்டுகள் போயின. அந்த இறுதியாட்டத்தில் மோதிய இரண்டு நாடுகளும் பழைய வடிவில் உலகப் படத்தில் இல்லை. 1992 கோடையில் பார்சிலோனாவுக்கு வந்த கூடைப்பந்து அணிகளைப் பார்த்தால், சியோலில் ஒரே பக்கம் ஆடியவர்கள் எதிரெதிராக நிற்பது தெரியும். அந்த ஆண்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மைக்கேல் ஜோர்டானும் மேஜிக் ஜான்சனும் இருந்த அமெரிக்காவின் ‘ட்ரீம் டீம்’ பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதட்டும், அது நியாயந்தான். ஆனால் அந்த ஆண்டின் பெரிய கதை மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த வெண்கலத்தின் மதிப்பு புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். லித்துவேனியாவில் கூடைப்பந்து இரண்டாவது மதம் என்பார்கள். அந்த மதத்துக்கு அடித்தளம் போட்டவர்கள், பிழைப்புத் தேடி அமெரிக்கா போன லித்துவேனியக் குடும்பங்களின் பிள்ளைகள். அங்கே ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் சிலர் தாய்நாட்டுக்கு ஆட வந்தார்கள். 1937இல் ரீகா நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இத்தாலியை 24–23 என்று வென்று லித்துவேனியா உலகை வியக்க வைத்தது. அடுத்த கோப்பைப் போட்டி 1939இல் கௌனாஸிலேயே நடந்தது. அதற்காகவே அங்கே ஒரு பெரிய உள்ளரங்கம் எழும்பியது. முதல் ஆட்டத்திலேயே அண்டை நாடான லாத்வியாவை 37–36 என்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். கோப்பையும் மறுபடி அவர்களுக்கே. அந்த அணியின் நடுநாயகர் பிரானாஸ் லுபினாஸ். அமெரிக்கர்கள் அவரை ஃபிராங்க் லூபின் என்று அறிவார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றவர் அவர்.

அடுத்த ஆண்டே சோவியத் படை உள்ளே நுழைந்தது. நாடு போயிற்று, கோப்பை கனவாயிற்று, லுபினாஸ் ஏற்கெனவே அமெரிக்கா திரும்பியிருந்தார். ஆனால் ஆட்டம் போகவில்லை. இதற்குப் பின்னான ஐம்பது ஆண்டுகளில் சோவியத் கூடைப்பந்து வாங்கிய பெருமைகளில் லித்துவேனியர்களின் கை இல்லாத பெருமை குறைவு. 1972 மியூனிக்கில், கடைசி மூன்று விநாடிகள் திரும்பத் திரும்ப ஆடப்பட்டு 51–50 என்று அமெரிக்கா தோற்ற அந்த இறுதியாட்டத்தில், சோவியத் அணியின் கேப்டன் மொதெஸ்தாஸ் பவுலவுஸ்காஸ். அவரும் லித்துவேனியரே.

1980களில் இந்த உறவு உள்ளூர் மோதலாக வெடித்தது. ஒரு பக்கம் மாஸ்கோவின் ராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ. மறு பக்கம் கௌனாஸின் ஜால்கிரிஸ். ஜால்கிரிஸ் என்ற பெயரே ஒரு போர்க்களத்தின் பெயர். 1410இல் போலந்துப் படையோடு சேர்ந்து லித்துவேனியப் படை டியூடோனிக் வீரர்களை முறியடித்த இடத்தை லித்துவேனியர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். பயிற்சியாளர் விளாதாஸ் கரஸ்தாஸ் தலைமையில் 1985, 1986, 1987 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜால்கிரிஸ் சோவியத் சாம்பியன் ஆனது. தெருவில் கொடி பிடிக்க முடியாத நாட்டில், அரங்கத்துக்குள் மாஸ்கோ அணியைத் தோற்கடிப்பதில் மக்களுக்கு இருந்த மகிழ்ச்சி எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அணியின் உயிர் சபோனிஸ். உயரம் 2 மீட்டர் 21 சென்டிமீட்டர். இவ்வளவு உயரமான சென்டர் ஆட்டக்காரர் கூடைக்கடியில் நின்று பந்தைத் திணித்தால் போதும் என்பதே அன்றைய வழக்கம். சபோனிஸ் அப்படி ஆடியவர் அல்லர். முதுகுக்குப் பின்னாலிருந்து பந்து கொடுப்பார், வெளியே நின்று மூன்று புள்ளிக் கூடை போடுவார், குட்டையான ஆட்டக்காரர் செய்கிற வேலையெல்லாம் செய்வார். 1986இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அணி அவரைத் தேர்வு செய்தபோதும் சோவியத் அரசு உடனே அனுப்பவில்லை. அதற்குள் குதிகால் நரம்பு அறுந்து அவருடைய பழைய வேகம் போய்விட்டது. சியோலில் உலகம் பார்த்ததே காயத்திலிருந்து எழுந்து வந்த சபோனிஸைத்தான். அவருடைய முழுமையான இளமையை அமெரிக்க ரசிகர்கள் பார்க்கவே இல்லை என்பது இந்த ஆட்டத்தின் வரலாற்றில் பெரிய இழப்பு.

1990 மார்ச் 11 அன்று லித்துவேனியா தன் சுதந்திரத்தை மீட்டுக்கொண்டதாக அறிவித்தது. சோவியத் குடியரசுகளில் அப்படித் துணிந்த முதல் நாடு அதுதான். மாஸ்கோ எண்ணெய் வரத்தை நிறுத்தியது. 1991 ஜனவரி 13 அதிகாலையில் தலைநகர் வில்னியஸின் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பிடிக்க டாங்குகள் வந்தன. வெறுங்கையோடு சுற்றி நின்ற மக்கள் மீது பாய்ந்ததில் 14 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் ராணுவப் புரட்சி தோற்ற பிறகே வழி திறந்தது. செப்டம்பர் 17 அன்று லித்துவேனியா ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினர் ஆனது. 1928க்குப் பிறகு முதல்முறையாகக் கோடை ஒலிம்பிக்கில் தன் பெயரில் கலந்துகொள்ளும் உரிமை கிடைத்தது.

உரிமை கிடைத்தது, கையில் காசு இல்லை.

1992இல் லித்துவேனியாவுக்குச் சொந்த நாணயம்கூட முழுமையாக வரவில்லை. கடைகளில் ரூபிளும், ஒரு வகைத் தற்காலிகச் சீட்டும் புழங்கின. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ரஷ்யப் படைகள் இன்னும் முகாம்களை விட்டுக் கிளம்பவில்லை. அவை வெளியேற வேண்டும் என்று கேட்டு ஜூன் 14 அன்று நாடு வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஒரு கூடைப்பந்து அணியைக் கூட்டி, பயிற்சி கொடுத்து, ஸ்பெயினுக்கு அனுப்புவது அரசால் ஆகிற காரியமாக இல்லை.

அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டவர் மார்ச்சுலியோனிஸ். 1989இல் கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் சேர்ந்திருந்தார். இடக்கைக்காரர். தடுப்பவர் எத்தனை பேர் நின்றாலும் இடித்துக்கொண்டு கூடையை நோக்கிப் போகிற ஆட்டம் அவருடையது. 1991–92 பருவத்தில் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடியே ஆட்டத்துக்குச் சராசரியாக 18.9 புள்ளிகள் எடுத்தார். சொந்த வாழ்க்கை உச்சத்தில் இருந்த நேரத்தில், ஓய்ந்த பொழுதெல்லாம் தேசிய அணிக்கு நன்கொடை தேடி அலைந்தார். அவருக்குத் துணை நின்றவர் வாரியர்ஸ் அணியின் உதவிப் பயிற்சியாளர் டானி நெல்சன். 1980களில் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவ அணியோடு லித்துவேனியாவுக்கு ஆட வந்தபோது மார்ச்சுலியோனிஸோடு ஏற்பட்ட நட்பு, இப்போது லித்துவேனிய அணியின் உதவிப் பயிற்சியாளர் பொறுப்பு வரை அவரைக் கொண்டு வந்திருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜால்கிரிஸின் பழைய கரஸ்தாஸ்தான்.

இவர்களுடைய தேடலைப் பற்றி ‘சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. அது அந்த ஊர் ராக் இசைக்குழுவான ‘கிரேட்ஃபுல் டெட்’ கண்ணில் பட்டது. இரண்டு பேரையும் அழைத்துப் பேசினார்கள், பணம் கொடுத்தார்கள். கூடவே சட்டைகளும் வந்தன. மதுரைச் சுங்குடிக்காரர்கள் துணியை முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவார்களே, கிட்டத்தட்ட அதே முறையில் சாயமேற்றிய டி-ஷர்ட்டுகள். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று லித்துவேனியக் கொடியின் மூன்று நிறங்களும் ஒன்றோடொன்று கலந்து ஓடின. நடுவில் நியூயார்க் ஓவியர் கிரெக் ஸ்பியர்ஸ் வரைந்த ஓர் எலும்புக்கூடு, பாய்ந்து வந்து கூடையில் பந்தைத் திணிக்கிறது. அந்தச் சட்டைகள் விற்ற வகையிலும் அணிக்குப் பணம் சேர்ந்தது.

வாழ்நாள் முழுவதும் மேலிடம் கொடுத்த சீருடையை மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டவர்கள், நெஞ்சு நிறைய இத்தனை நிறங்களோடு அரங்கத்துக்குள் நுழைந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சாவிலிருந்து எழுந்து வந்த எலும்புக்கூடு குதிக்கிற அந்தப் படத்தை லித்துவேனியர்கள் தங்கள் நாட்டின் படமாகவே கண்டார்கள். அதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒலிம்பிக்குக்கு முன்னால் ஒரு தடை இருந்தது. ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஜூன் கடைசியில் ஸ்பெயினில் தொடங்கியது. நான்கு இடங்களுக்குக் கண்டம் முழுவதும் போட்டி. அதில் தேறிய நால்வர்: குரோவேஷியா, ஜெர்மனி, லித்துவேனியா, ‘ஒருங்கிணைந்த அணி’.

இந்தக் கடைசிப் பெயரை விளக்க வேண்டும். சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது. ஆறே மாதத்தில் எல்லாக் குடியரசுகளும் தனித்தனி ஒலிம்பிக் அணி அமைக்க முடியவில்லை. எனவே 15இல் 12 குடியரசுகள் சேர்ந்து, சொந்தக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஒரே அணியாக வந்தன. மூன்று பால்டிக் நாடுகள் மட்டும் தனியே நின்றன. ஒருங்கிணைந்த கூடைப்பந்து அணியில் கீவ் நகரத்தின் அலெக்சாண்டர் வோல்கோவ் இருந்தார். மார்ச்சுலியோனிஸ் போன அதே 1989இல் அமெரிக்காவின் அட்லாண்டா அணிக்குப் போனவர். வலேரி திகோனென்கோ இருந்தார். இருவரும் சியோலில் இந்த லித்துவேனியர்களோடு தோள் சேர்ந்து தங்கம் வென்றவர்கள். லாத்வியாவின் குண்டார்ஸ் வேத்ராகூட அந்த அணிக்கு ஆடினார். ஆகவே இதை லித்துவேனியர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் நடந்த சண்டை என்று சுருக்கிவிடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம். எதிரே நின்ற முகங்கள் நண்பர்களின் முகங்கள். எதிர்க்க வேண்டியிருந்தது அவர்களையல்ல, அவர்கள் சுமந்து வந்த பழைய அமைப்பை.

பார்சிலோனா நகரை ஒட்டியுள்ள பதலோனாவில் ஆட்டங்கள் நடந்தன. லீக் சுற்றில் சீனாவை 112–75 என்று லித்துவேனியா நசுக்கியது. வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோ, ஆஸ்திரேலியா என்று வரிசையாக வென்றது. ஒருங்கிணைந்த அணியிடம் மட்டும் 92–80 என்று தோற்றது. அந்தத் தோல்வி அவர்களை உறுத்தியது. இத்தனை பாடுபட்டு வந்ததே அந்த அணியின் முன்னால் நிமிர்ந்து நிற்கத்தான்.

கால்இறுதியில் பிரேசிலை 114–96 என்று வென்றார்கள். அரையிறுதியில் எதிரே வந்தது ட்ரீம் டீம். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1989இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவைத் திறந்ததால், அமெரிக்கா முதல்முறையாகத் தன் முழு பலத்தோடு வந்திருந்தது. அந்தப் பன்னிருவரில் ஒருவரான கிறிஸ் மலின், வாரியர்ஸ் அணியில் மார்ச்சுலியோனிஸின் தோழர். மற்றொருவர் டேவிட் ராபின்சன். 1986 உலகப் போட்டியிலும் சியோலிலும் சபோனிஸை எதிர்கொண்டவர். இம்முறை கணக்கு 127–76. ஐம்பத்தொரு புள்ளி வித்தியாசம்.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது லித்துவேனியர்களுக்கே தெரிந்திருந்தது. 21 வயது அர்துராஸ் கார்னிஷோவாஸ் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மாணவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கேமராவை எடுத்து, எதிரணியின் நாயகர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அறையின் சுவரில் ஒட்டி வைக்கிற முகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும்போது வேறென்ன செய்ய முடியும்? (அந்த இளைஞர் பிற்காலத்தில் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணியையே நிர்வகிக்கும் இடத்துக்கு வந்தார்.)

மறுபக்க அரையிறுதியில் குரோவேஷியா ஒருங்கிணைந்த அணியை 75–74 என்று வென்றது. அந்த ஒரு புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. லித்துவேனியாவுக்கு வெண்கல ஆட்டத்தில் எதிரி யார் என்பது அப்போது முடிவாயிற்று.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வழக்கமாகச் சோர்ந்த ஆட்டம். தங்கக் கனவு கலைந்த இரண்டு அணிகள் கடமைக்கு ஆடும். பார்வையாளர்கள் இறுதியாட்டத்துக்காகக் காத்திருப்பார்கள். 1992 ஆகஸ்ட் 8 அப்படி இல்லை. லித்துவேனிய ஆட்டக்காரர்களுக்கு அதுதான் இறுதியாட்டம். தோற்றால், சுதந்திரமாக வந்த முதல் ஒலிம்பிக்கிலேயே பழைய சோவியத் அணிக்குப் பின்னால் நான்காவதாக நிற்க வேண்டும். ஊரில் இன்னும் அந்நியப் படை இருக்கும்போது அந்தத் தோல்வியோடு திரும்ப அவர்களால் முடிந்திருக்காது.

சபோனிஸுக்கு அப்போது வயது 27. பாதங்கள் ஒரு முதியவருடையவை போலத் தேய்ந்திருந்தன. அன்று அவர் 27 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் எடுத்தார். மார்ச்சுலியோனிஸ் 29 புள்ளிகள். அணி எடுத்த 82இல் 56 இந்த இருவருடையவை. சியோலில் தங்கம் வென்ற அதே நான்கு கௌனாஸ்காரர்களும் அணியில் இருந்தார்கள். சோவியத் அணிக்காக 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிலேயே வெண்கலம் வாங்கிய 37 வயது செர்கேயுஸ் யோவைஷாவும் இருந்தார். அவருக்குக் கிடைக்கவிருந்த இரண்டாவது வெண்கலத்துக்கும் முதலாவதுக்கும் நடுவில் 12 ஆண்டும் ஒரு பேரரசின் முடிவும் இருந்தன.

கடைசி வரை நெருக்கமாகவே போன ஆட்டம் 82–78 என்று முடிந்தது.

உடைமாற்றும் அறையில் என்ன நடந்தது என்பதை ஆட்டக்காரர்கள் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். பெரிய ஆண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், பாடினார்கள். நாட்டின் தலைவர் விதவுதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் அந்த அறைக்கே வந்தார். அவர் அரசியலில் வளர்ந்தவர் அல்லர். சியுர்லியோனிஸ் என்ற லித்துவேனிய ஓவியரும் இசையமைப்பாளருமானவரை ஆராய்ந்த இசைப் பேராசிரியர். டாங்குகள் வந்த ஜனவரி இரவில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே இருந்து எதிர்த்து நின்றவர். அவர் மீது ஷாம்பேனைக் கொட்டி நனைத்தார்கள். அவருக்கும் அந்த எலும்புக்கூட்டுச் சட்டை கிடைத்தது.

பதக்கம் வாங்கவும் அதே சட்டையோடுதான் போனார்கள். மேடையில் நின்ற மூன்று அணிகளின் உடைகளும் மூன்று கதைகள் சொல்லின. இறுதியாட்டத்தில் குரோவேஷியாவை 117–85 என்று வென்ற அமெரிக்கர்களில் ஜோர்டான் உள்ளிட்ட சிலர், தங்கள் சட்டையில் இருந்த ரீபாக் சின்னத்தை மறைக்க தேசியக் கொடியைத் தோளில் போர்த்தியிருந்தார்கள். ஜோர்டானுக்கு ஒப்பந்தம் நைக்கியோடு. வெள்ளி வாங்கிய குரோவேஷியர்களுக்கும் அதுதான் தனி நாடாக முதல் கோடை ஒலிம்பிக், அதுவும் ஊரில் போர் ஓயாத காலத்தில். சியோலில் யூகோஸ்லாவியாவுக்காக வெள்ளி வாங்கிய திராஜென் பெத்ரோவிச், இப்போது குரோவேஷியாவுக்காக அதே நிறப் பதக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் படியில் மஞ்சள், பச்சை, சிவப்பு. மூன்றாம் இடத்துக்குத் தேசிய கீதம் இசைப்பதில்லை, கொடி மட்டும் ஏறும். ஐம்பது ஆண்டுகள் வீட்டுக்குள் ஒளித்து வைக்கப்பட்ட கொடி அது.

தங்கத்தைவிட வெண்கலம் பெரிதா என்று கேட்டால், இந்த நான்கு பேரைப் பொறுத்தவரை ஆம் என்றே சொல்ல வேண்டும். சியோல் தங்கம் அவர்களுடைய திறமைக்குக் கிடைத்தது. ஆனால் அது சேர்ந்த கணக்கு மாஸ்கோவின் கணக்கு. உலகம் அவர்களை ரஷ்யர்கள் என்றே அழைத்தது. இந்த வெண்கலம் கௌனாஸுக்கும் வில்னியஸுக்கும் போயிற்று. அதே ஒலிம்பிக்கில் வட்டு எறிதலில் ரோமாஸ் உபார்த்தாஸ் நாட்டின் முதல் தங்கத்தையே வென்றிருந்தார். அந்தச் சாதனைக்குக் குறைவில்லை. ஆயினும் லித்துவேனியர்கள் 1992 என்று சொன்னதும் முதலில் நினைப்பது அந்த டி-ஷர்ட்டைத்தான்.

பாடுபட்டுக் கட்டிய அணி, அடுத்த ஆண்டே ஒரு பெரிய அடி வாங்கியது. 1993 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெறவே லித்துவேனியாவால் முடியவில்லை. ஜூன் 22 அன்று ஜெர்மனியில் போட்டி தொடங்கியபோது ஒலிம்பிக் வெண்கலப் பதக்கக்காரர்கள் ஊரில் இருந்தார்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 25 அன்று, சொந்த நாணயமான லிட்டாஸ் புழக்கத்துக்கு வந்தது. ஜூலை 4 அன்று மியூனிக்கில் ஜெர்மனி ரஷ்யாவை 71–70 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. ஆகஸ்ட் 31 அன்று கடைசி ரஷ்யப் படைப்பிரிவு லித்துவேனியாவை விட்டுக் கிளம்பியது. சபோனிஸும் மார்ச்சுலியோனிஸும் மறுபடி ஒரே சட்டையில் ஒரு பெரிய இறுதியாட்டத்துக்கு வர 1995 கோடை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏதென்ஸில் நடந்த அந்த ஆட்டத்தில் எதிரே நின்றது யூகோஸ்லாவியா.

(தொடரும்)